அணிவகுப்பில் வராத டாங்கி



இது நீளமான பதிவு. "பெல் அடிச்சாலும் டீச்சர் விடமாட்டாங்க" என்று நீங்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். வேலையில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

குடியரசு தின அணிவகுப்பைப் பேரனோடு உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். டி-90 பீஷ்மா வந்தது. மேலே நின்றபடி அதிகாரி சல்யூட் அடிக்க, பேரனும் சோபாவில் ஏறி நின்று சல்யூட் அடித்தான். அப்புறம் கேட்டான்: "பாட்டி, நம்ம ஆர்மில எல்லா டாங்கியும் இதுதானா?"

இல்லை என்றேன்.

"அப்ப மத்ததெல்லாம் எங்க?"

ஆறாம் வகுப்புப் பையனுக்கு அப்போதைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் நல்ல கேள்வி. ஒரு வாரமாக மனதிலேயே இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நம் பத்திரிகைகள் 'டேங்க்' என்பதைப் பல நேரம் 'பீரங்கி' என்று எழுதுகின்றன. பீரங்கி என்பது குண்டு போடும் குழல். அந்தக் குழலையும் ஆட்களையும் கவசத்துக்குள் வைத்து, இரும்புப் பட்டையில் ஓடுகிற வண்டி டாங்கி. டாங்கிக்குள் பீரங்கி உண்டு. பீரங்கி எல்லாம் டாங்கி ஆகாது. ரிட்டையர் ஆனாலும் சிவப்புப் பேனா கையை விட்டுப் போகவில்லை, மன்னிக்கவும்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் 31 வருஷம் பிசிக்ஸ் சொல்லிக் கொடுத்தவள் நான். அட்மிஷன் ரிஜிஸ்டரில் 'தந்தை தொழில்' என்ற இடத்தில் பாதிப் பேருக்கு 'டேங்க் பேக்டரி' என்றுதான் இருக்கும். 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை அது. அங்கிருந்து 1965-ல் விஜயந்தா வெளியே வந்தது. அது பிரிட்டிஷ் வடிவமைப்பு. பிறகு 80-களில் ரஷ்ய டி-72, அதற்கு அஜேயா என்று பெயர் வைத்தார்கள். பிறகு நம்முடைய அர்ஜுன். பிறகு டி-90. ஆக, இந்த விஷயத்தில் எனக்கு ஊர்ப்பாசம் உண்டு. அதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

இப்போது பேரனுடைய கேள்விக்கு வருகிறேன். இந்திய ராணுவத்தில் டி-72 ஏறத்தாழ 2,400 இருக்கின்றன. டி-90 ஆயிரத்துக்கு மேல். அர்ஜுன் 124. அர்ஜுனின் மேம்பட்ட வடிவமான மார்க்-1ஏ 118 வண்டிகளுக்கு 2021 செப்டம்பரில் ஆர்டர் கொடுத்தார்கள், 7,523 கோடி ரூபாய்க்கு. வகுத்துப் பாருங்கள், ஒரு வண்டி ஏறத்தாழ 64 கோடி. இது போக, லடாக் மாதிரி உயரமான இடங்களுக்காக 25 டன் எடையில் ஜோராவர் என்ற இலகு டாங்கி சோதனையில் இருக்கிறது.

அணிவகுப்பில் வருவது டி-90. பெருமை பேசும் வீடியோக்களில் வருவது அர்ஜுனும் ஜோராவரும். நம் பிள்ளைகளில் அதிகம் பேர் உள்ளே உட்கார்ந்திருப்பது டி-72-ல். 70-களின் கடைசியில் வாங்கத் தொடங்கிய வண்டி அது. நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்த காலத்து வடிவமைப்பு.

என் கட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டாங்கிப் படையை நவீனமாக்குவது என்றால், புதிது வாங்குவதற்கு முன்னால் இந்த 2,400-ஐக் கவனிக்க வேண்டும். எஞ்சின், இரவில் பார்க்கும் கருவி, நல்ல குண்டு, உதிரி பாகம். புதுப் பெயர் வைப்பதெல்லாம் அப்புறம்.

ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு பழைய கதை.

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் (எது என்று கேட்காதீர்கள், சிலருக்குத் தெரியும்) பிசிக்ஸ் லேபில் மூன்று கம்பெனி ஸ்பெக்ட்ரோமீட்டர்கள் இருந்தன. மிகப் பழையது எட்டு. நடுவில் வாங்கியது மூன்று. கடைசியாக வந்தது இரண்டு. அவை பளபளவென்று கண்ணாடி அலமாரியில் பூட்டியிருக்கும். அதிகாரி இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது எடுத்து மேஜையில் வைப்போம். பழையதின் கண்ணருகு லென்ஸ் புதியதில் பொருந்தாது. நடுவில் வாங்கியதன் ஸ்க்ரூ தொலைந்தால் மூர் மார்க்கெட் பக்கம் போனாலும் கிடைக்காது. லேப் அட்டெண்டருக்கு மூன்றையும் சரி பார்க்கத் தெரிய வேண்டும். அவருக்கு ஒன்றுதான் தெரியும். பிராக்டிகல் பரீட்சை அன்றைக்கு எட்டுப் பிள்ளைகள் பழைய கருவியில்தான் நின்றார்கள். ஒரு பையனுக்கு வெர்னியர் ஸ்க்ரூ தேய்ந்து போய், எப்படித் திருப்பினாலும் அளவு நிற்கவில்லை. கை நடுங்க நடுங்க எழுதினான். அவனுக்கு மார்க் போனது. கருவி வாங்கியவர்களுக்கு ஒன்றும் போகவில்லை. புதுக் கருவிக்குப் பணம் கேட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்ததில் நானும் ஒருத்தி. பழைய எட்டுக்கும் ஆளுக்கொரு ஸ்க்ரூ கேட்டு எழுத எனக்குத் தோன்றவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

டாங்கி விஷயமும் இதுதான், அளவு மட்டும் பெரிது. டி-72, டி-90 இரண்டுக்கும் 125 மில்லிமீட்டர் குழல். உட்புறம் வழவழப்பாக இருக்கும். குண்டு சுழலாமல் போகும்; நேராகப் போவதற்காக அம்பு மாதிரி வாலில் சிறகு வைத்திருப்பார்கள். அர்ஜுனுக்கு 120 மில்லிமீட்டர். உட்புறம் சுருள் வரிப்பள்ளம் உண்டு. குண்டைச் சுழற்றி அனுப்பும். ஒன்றின் குண்டு இன்னொன்றில் போகாது. டி-72, டி-90-ல் குண்டை எந்திரமே எடுத்துக் குழலில் ஏற்றும்; ஆகவே மூன்று ஆள். அர்ஜுனில் ஆள் கையால் ஏற்ற வேண்டும். ஆகவே நாலு ஆள். எஞ்சின் வேறு, கியர் வேறு. பழுதானால் இழுத்து வரும் வண்டி வேறு. மெக்கானிக்குக்குப் பயிற்சி வேறு. எந்த ரெஜிமெண்டுக்கு எந்த ரயிலில் எந்தக் குண்டுப் பெட்டி போக வேண்டும் என்று ஒருவர் சண்டை நடுவில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"1965-ல் கலவையாகத்தானே இருந்தது, ஜெயிக்கவில்லையா?" என்று ஒருவர் கேட்பார், என் சம்பந்தி. ஆமாம். அசல் உத்தரில் செஞ்சுரியன், ஷெர்மன், ஏஎம்எக்ஸ்-13 என்று மூன்று நாட்டு வண்டிகளை வைத்துக்கொண்டு, அவற்றைவிடப் புதிய அமெரிக்க பேட்டன் டாங்கிகளை நம் ஆட்கள் நிறுத்தினார்கள். கரும்புத் தோட்டத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சேறாக்கி, மறைந்திருந்து அடித்தார்கள். ஜீப்பில் பொருத்திய துப்பாக்கியோடு நின்ற அப்துல் ஹமீதை யாரால் மறக்க முடியும்? ஆனால் அது ஆட்களின் சாமர்த்தியம். மூன்று வகைக் குண்டு சுமந்ததால் ஜெயித்தோம் என்று அர்த்தமில்லை. அதையும் சுமந்துகொண்டு ஜெயித்தார்கள்.

அர்ஜுனைப் பற்றிச் சொல்லாமல் போனால் எங்கள் தெருவில் சண்டைக்கு வருவார்கள்.

1974-ல் ஒப்புதல் கொடுத்த திட்டம். ராணுவத்துக்கு முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது 2004-ல். முப்பது வருஷம். இந்த இடைவெளியைக் கேலி பேசியவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வரும். ஏனென்றால் அதன் வரைபடத்திலும் வெல்டிங்கிலும் என் மாணவர்கள் இருந்தார்கள். 2010-ல் ராஜஸ்தான் பாலைவனத்தில் அர்ஜுனையும் டி-90-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிச் சோதித்தபோது அர்ஜுன் நன்றாகச் செய்தது என்று செய்தி வந்த அன்றைக்கு நான் கிளாசில் மைசூர்பாகு கொடுத்தேன். "எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு அர்ஜுனே செய்யட்டும்" என்று பல வருஷம் வாதாடியவள் நான்.

என் மனதை மாற்றியது ஒன்பதாம் வகுப்புப் பாடம். அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு. நூறு தடவை போர்டில் எழுதியிருக்கிறேன். அர்ஜுன் 58 டன்னுக்கு மேல். டி-90 46 டன் சொச்சம். ஆனால் அர்ஜுனின் பட்டை அகலம். ஆகவே மண்ணின் மேல் விழும் அழுத்தம் டி-90-ஐவிடப் பெரிதாக அதிகமில்லை. மணலில் அது நன்றாக ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். இதை வைத்துத்தான் நான் எல்லோரிடமும் வாதாடினேன். பட்டாளத்தில் இருக்கும் என் மாணவன் ஒருவன் லீவில் வந்தபோது வீட்டுக்கு வந்தான். நான் போர்டு இல்லாமலே பாடம் நடத்தி முடித்ததும் மெதுவாகச் சொன்னான்: "டீச்சர், மண்ணு அழுத்தத்தைப் பாக்கும். பாலம் எடையைப் பாக்கும்."

எனக்கு வாயடைத்துப் போனது. பட்டை எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன, வாய்க்கால் பாலத்தின் மேல் நிற்பது மொத்த எடையும்தான். பஞ்சாபில் எல்லை நெடுக வாய்க்காலும் பாலமும்தான். கூடுதல் கவசம் எல்லாம் சேர்த்த மார்க்-1ஏ 68 டன். அதில் குண்டுகளைத் தனி அறையில் வைத்து, வெடித்தால் வேகம் மேலே போகும்படி செய்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவன் பிழைப்பான். அது பெரிய விஷயம், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாலைவனத்துக்கு அது நல்ல வண்டி. எல்லா இடத்துக்கும் அது ஒன்றே போதும் என்று சொன்னது என் ஊர்ப்பாசம்.

டி-90 வந்த கதையில் எனக்கு வேறு வருத்தம். 90-களில் சோவியத் யூனியன் உடைந்ததும், ஒரே நாட்டில் இருந்த தொழிற்சாலைகள் வெவ்வேறு நாடுகளுக்குப் போயின. உதிரி பாகத்துக்கு நாம் அலைந்தோம். அதே சமயம் பாகிஸ்தான் உக்ரைனிடமிருந்து 320 டி-80யூடி டாங்கிகள் வாங்கியது. பதிலுக்கு நாம் 2001-ல் 310 டி-90 வாங்க ஒப்பந்தம் போட்டோம். அதில் 124 முழு வண்டி, மற்றவை ஆவடியில் பூட்டுவதற்கு. பிறகு ஆவடியிலேயே முழுதாகச் செய்வது என்று ஏற்பாடு. பீரங்கிக் குழல், கவசத் தகடு ஆகியவற்றின் நுட்பத்தைப் பெறுவதில் இழுபறி. வருஷங்கள் போயின. இங்கே செய்யத் தாமதமானதால் 2007-ல் மேலும் 347 டாங்கிகளை அங்கிருந்தே வாங்கினோம். முழுதாக இங்கே செய்த முதல் டி-90 வெளியே வந்தது 2009 ஆகஸ்டில். எட்டு வருஷம்! ஒப்பந்தத்தில் 'நுட்பம் தருவோம்' என்ற வரிக்கும், அந்த நுட்பம் ஆவடி ஷாப்பில் ஒரு டர்னர் கைக்கு வருவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் பாருங்கள்.

வந்த வண்டிக்கும் நம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. இரவில் எதிரியின் உடல் சூட்டையும் எஞ்சின் சூட்டையும் பார்த்துக் காட்டும் பிரெஞ்சு தெர்மல் கருவி ராஜஸ்தான் கோடையில் மக்கர் செய்தது. உள்ளே ஏசி கிடையாது. குளிர் நாட்டில் யோசித்த வண்டி. பிற்பாடு 957 டி-90-களில் கமாண்டர் பார்க்கும் கருவியை மாற்ற பாரத் எலக்ட்ரானிக்ஸுக்கு 1,075 கோடிக்கு ஆர்டர் கொடுத்தார்கள். இரவிலும் பகலிலும் எட்டு கிலோமீட்டர் வரை இலக்கைக் கண்டுபிடிக்கும் என்கிறார்கள். பார்த்தீர்களா, இதுதான் நான் சொல்லும் நவீனமாக்கல். சத்தமில்லாத வேலை. அணிவகுப்பில் இதற்குக் கைதட்டல் விழாது.

இப்போது டி-72. இதன் எஞ்சின் 780 குதிரைசக்தி. வண்டி ஏறத்தாழ 41 டன். ஒரு டன்னுக்கு 19 குதிரை. டி-90-க்கு 1,000 குதிரை. டன்னுக்கு 21-க்கு மேல். இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய வண்டியைக் காப்பாற்ற வேண்டும் என்று வெளியே கவசப் பெட்டிகளை மாட்டுகிறோம், உள்ளே கருவிகளைச் சேர்க்கிறோம். எடை ஏறுகிறது. எஞ்சின் அதே 780. கல்யாணம் ஆகிக் குழந்தை குட்டி பிறந்த பிறகும் அதே ஸ்கூட்டரில் நாலு பேர் போவது மாதிரி.

இது சமவெளிக் கணக்கு. லடாக்கில் சூசுல் 4,300 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் காற்று, கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். நமக்கு மூச்சு வாங்குவதைப் போல எஞ்சினுக்கும் வாங்கும். டீசல் எரியக் காற்று வேண்டுமே! காற்றை அமுக்கி உள்ளே அனுப்பும் ஏற்பாடு இருந்தாலும் ஓரளவு சக்தி போகத்தான் செய்யும். 2020-ல் அங்கே சீனர்களுக்கு எதிரே டி-72-ஐயும் டி-90-ஐயும் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த மலையில் அவற்றை ஏற்றியதே பெரிய காரியம். 1948-லேயே ஜோஜிலா கணவாயில் தளபதி திம்மையா ஸ்டூவர்ட் இலகு டாங்கிகளை ஏற்றி எதிரியைத் திகைக்க வைத்தார். எடை குறைந்த வண்டி மலைக்கு வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்ததுதான். ஜோராவர் இப்போதாவது வருகிறதே என்று எனக்குச் சந்தோஷம். ஆனால் அது போதுமான எண்ணிக்கையில் வரும்வரை அங்கே குளிரில் எஞ்சினை அணையவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பது டி-72 பையன்கள்தான்.

2024 ஜூன் 28 ராத்திரி. கிழக்கு லடாக்கில் சாசர் பிராங்சா பக்கம் ஷியோக் ஆற்றைக் கடக்கும்போது ஒரு டி-72 நடு ஆற்றில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் திடீரென்று ஏறிவிட்டது. ஐந்து பேர் போய்விட்டார்கள்.

மறுநாள் டிவியில் ஓடியபோது, மேலே சொன்னேனே, பாலம் எடையைப் பார்க்கும் என்று எனக்குப் பாடம் எடுத்தவன், அவன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அவன் அம்மாவுக்குப் போன் செய்தேன். "காலைலேர்ந்து கெடைக்கல டீச்சர்" என்றாள். இரண்டு பேரும் போனை வைக்காமல் கொஞ்ச நேரம் பேசாமலே இருந்தோம். சாயந்திரம் அவன் கூப்பிட்டுவிட்டான். வேறு இடத்தில் இருந்திருக்கிறான். எங்களுக்கு உயிர் வந்தது. ஐந்து வீடுகளில் வரவில்லை.

அந்த விபத்துக்கு எஞ்சின்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆறு ஏறியது. பழைய வண்டி, புது வண்டி என்று ஆறு பார்க்காது. ஆனால் அன்றைக்குத்தான் இந்த 2,400 என்ற எண் எனக்கு வெறும் எண்ணாக இல்லாமல் போனது. ஒரு வண்டிக்கு மூன்று பேர் என்றால் 7,200 பேர். மாறி மாறி வருபவர்களைச் சேர்த்தால் இன்னும் அதிகம். 7,200 அம்மாக்கள்.

2025 மார்ச்சில் ஒரு நல்ல செய்தி வந்தது. டி-72-களுக்கு 1,000 குதிரைசக்தி எஞ்சின் வாங்க ரஷ்ய நிறுவனத்தோடு 24.8 கோடி டாலருக்கு ஒப்பந்தம். கொஞ்சம் முழு எஞ்சினாகவும், கொஞ்சம் பிரித்த பாகங்களாகவும் வரும். ஆவடியில் செய்ய நுட்பமும் தருவார்கள். வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு 24 குதிரை வருகிறது. கவசப் பெட்டி மாட்டினாலும் டி-90-க்குச் சமமாக ஓடும். பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். எனக்கு அது தலைப்புச் செய்தி. ஒரே கவலை, அந்த 'நுட்பம் தருவார்கள்' என்ற வரி. போன தடவை எட்டு வருஷம்.

பெங்களூரில் இருக்கும் என் தம்பி மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தான். "அத்தை, உக்ரைன் பாக்கலியா? சின்ன டிரோன் வந்து பல கோடி டாங்கிய காலி பண்ணுது. டாங்கி காலம் முடிஞ்சுது." பார்த்தேன். டாங்கிக்கு முன்பக்கம்தான் தடித்த கவசம், தலை மெல்லியது. டிரோன் தலையில் அடிக்கிறது. டி-72, டி-90 வகையில் ஆட்களின் காலடியிலேயே குண்டுகளை வட்டமாக அடுக்கியிருப்பதால், தீப்பிடித்தால் மேல்பாகம் மொத்தமாகத் தூக்கி எறியப்படுகிறது. இதை மறைத்துப் பேச மாட்டேன். நம்மிடம் இருப்பதும் அதே வடிவமைப்புதான்.

ஆனால் 1973-ல் சினாய் பாலைவனத்தில் எகிப்துக் காலாட்படை ஏவுகணையால் இஸ்ரேல் டாங்கிகளை அடித்தபோதும் டாங்கிக்குக் கருமாதி செய்தார்கள். அது எழுந்து வந்துவிட்டது. அதே உக்ரைனில் இரண்டு பக்கமும் இன்னும் டாங்கி கேட்கிறார்கள், தலைக்குமேல் இரும்புக் கூண்டு கட்டிக்கொண்டு. நிலத்தைப் பிடிக்க ஆள் போக வேண்டும். ஆள் கவசம் இல்லாமல் போக முடியாது. தம்பி மகன் சொன்னதில் எனக்குக் கிடைத்தது வேறு: டிரோனைப் பார்க்கவும் தடுக்கவும் கருவி வேண்டும் என்றால், அது நூறு புது வண்டிக்கு மட்டும் வந்து என்ன பயன்? டிரோன் வண்டியின் மாடல் பார்த்தா அடிக்கும்?

இன்னொரு கட்சியும் உண்டு. "டி-72-க்குப் பதிலாகத்தான் புது டாங்கி வருகிறதே, பழையதில் ஏன் காசு போட வேண்டும்?" வருகிறது, உண்மை. ஏறத்தாழ 1,770 எதிர்கால டாங்கிகளுக்கு 2024 செப்டம்பரில் பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் முதல் ஒப்புதல் கொடுத்தது. அது முதல் படிதான். வடிவமைத்து, சோதித்து, 2030-ல் முதல் வண்டி வந்துவிட்டது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு நூறு செய்கிறோம் என்றும் வைத்துக்கொள்வோம். கடைசி வண்டி வர 2047 ஆகும். அதுவரை யாரோ டி-72-ல் உட்கார்ந்திருப்பார்கள். என் பேரன் வயதுப் பையன் ஒருவன் பட்டாளத்தில் சேர்ந்தால், தன் அப்பாவைவிட மூத்த வண்டியில் உட்காருவான். பழையதில் காசு போடுவது வீண் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

வகைகளின் எண்ணிக்கை பற்றியும் ஒன்று. ஒரே வகைதான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மலை, பாலைவனம், வாய்க்கால் நாடு மூன்றும் இருக்கும் தேசத்துக்கு இரண்டு மூன்று வகை தேவைதான். ஆனால் ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். புதுப் புடவை எடுத்தால் பழையது ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்று என் மாமியார் ஒரு சட்டம் வைத்திருந்தார். குறைந்தது குண்டாவது பொதுவாக இருக்கட்டும். அதோடு, குண்டு இருக்கவும் வேண்டும்! 2012-ல் அன்றைய ராணுவத் தளபதி பிரதமருக்கு எழுதிய கடிதம் வெளியே கசிந்தது ஞாபகம் இருக்கிறதா? எதிரி டாங்கியை உடைக்கும் முக்கியமான குண்டுகளே டாங்கிப் படையிடம் இல்லை என்று எழுதியிருந்தார். குண்டில்லாத டாங்கி என்ன நவீனமாக இருந்து என்ன?

கடைசியாக ஊர் விஷயம். அர்ஜுன் முதல் 124 செய்து முடித்த பிறகு அடுத்த ஆர்டர் கையெழுத்தாக 2021 ஆனது. இடையில் வருஷக்கணக்கில் அந்த வரிசையில் வேலை இல்லை. என் மாணவன் ஒருவன் பக்கத்து எஸ்டேட்டில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பாதுகாப்புத் துறைக்கு உதிரி பாகம் செய்தவன். யாருக்கு, என்ன பாகம் என்று எழுத மாட்டேன். கடன் வாங்கி மிஷின் போட்டான். ஆர்டர் நின்றது. இரண்டு வருஷம் தாங்கினான். பிறகு பம்பு செட் பாகத்துக்கு மாறினான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடையும் கைக்காரர் ஒருவர் அவனிடம் இருந்தார்; அவர் வேலையை விட்டு சொந்த ஊரில் மளிகைக்கடை வைத்துவிட்டார். திரும்ப ஆர்டர் வந்தபோது மிஷின் இருந்தது, கை இல்லை. வெளிநாட்டிலும் இதே கதைதான். அர்ஜுனுக்கு ஜெர்மன் எஞ்சின். அங்கே அந்த எஞ்சின் வரிசை மறுபடி ஓட நாளாகும் என்று இங்கே காத்திருக்க வேண்டிவந்தது. 1,500 குதிரைசக்தியில் நம்முடைய எஞ்சின் 2024 மார்ச்சில் மைசூரில் முதல் முறையாக ஓடியது. ஓடட்டும். வருஷத்துக்குக் கொஞ்சமாக இருந்தாலும் சரி, நிற்காமல் ஆர்டர் கொடுங்கள் என்பதுதான் அந்த ஒர்க்‌ஷாப்காரன் கேட்பது. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

தொழிற்சாலையில் இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆர்வத்தில் கமெண்டில் வேலை விவரம் எதுவும் எழுதிவிடாதீர்கள். நான் எழுதியிருப்பதெல்லாம் பேப்பரில் வந்தவை. என் கணக்கில் தப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். காபி தருகிறேன், திருத்துங்கள். மற்றவர்கள் இங்கேயே சண்டை போடலாம். சம்பந்தி, உங்களையும் சேர்த்துத்தான்.

பேரன் டி-72 படம் வரைய வேண்டுமாம். பத்திரிகையில் வந்த நல்ல படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். பக்கவாட்டில் எடுத்ததாக இருக்கட்டும். எத்தனை சக்கரம் என்று எண்ணியாக வேண்டும் என்கிறான்.